இல்லாத லைனில் ஓடும் 100 மெகாவாட்: ஸ்டேட் எஸ்டிமேஷனும் பக்கத்து கிரிட்டும்

கன்ட்ரோல் ரூமில் ஸ்டேட் எஸ்டிமேட்டர் (மீட்டர் அளவீடுகளிலிருந்து கிரிட்டின் இப்போதைய நிலையைக் கணிக்கும் புரோகிராம்) தீர்வு கிடைக்காமல் கைவிரித்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். யாராவது உட்கார்ந்து சரிசெய்வார்கள். அது தீர்வையும் தந்து, பிழைச் சோதனையிலும் தேறி, திரையில் காட்டுவது மட்டும் உண்மையான நெட்வொர்க்காக இல்லாவிட்டால்தான் வம்பு. இந்த இரண்டாவது வகைக் கோளாறு கணக்குப் போடும் முறையால் வருவது அபூர்வம். தப்பான பிரேக்கர் (லைனை இணைக்கும், பிரிக்கும் சுவிட்ச்) நிலையாலும் நெட்வொர்க்கின் பழைய மாடலாலும் வருகிறது, அதுவும் நம் கிரிட் அடுத்தவர் கிரிட்டோடு சேரும் ஓரத்தில். மூன்று பஸ் (லைன்கள் வந்து சேரும் இணைப்பு முனை) வைத்துக் கையாலேயே போட்டுப் பார்த்தால் இது எப்படி நடக்கிறது என்று தெரியும்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்காடா (சப்ஸ்டேஷன் தரவைத் திரட்டும் அமைப்பு) வழியாக நமக்கு வருபவை மெகாவாட், மெகாவார் (வேலை செய்யாமல் வோல்டேஜைப் பாதிக்கும் ரியாக்டிவ் பவர்), பஸ் வோல்டேஜ், பிரேக்கர் மற்றும் ஐசோலேட்டர் (லோடு இல்லாதபோது பிரிக்கும் சுவிட்ச்) நிலை. சிடி, பிடி (கரன்ட்டையும் வோல்டேஜையும் மீட்டருக்கேற்பக் குறைப்பவை), டிரான்ஸ்டியூசர் என்று அளவீட்டுக் கருவி ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிழையைச் சேர்க்கும். எல்லா ஆர்டியுவும் (சப்ஸ்டேஷனிலிருந்து தரவை அனுப்பும் பெட்டி) ஒரே நொடியில் அனுப்புவதும் இல்லை. எம்.ஐ.டி.யின் ஃப்ரெட் ஷ்வெப்பி 1970இல் வெளியிட்ட கட்டுரைகளில் முன்வைத்த வழி இது: தேவையைவிட அதிகமான அளவீடுகளை வாங்கிக்கொள், அவை எல்லாவற்றோடும் கூடியவரை ஒத்துப்போகும் ஒரே ஒரு நிலையைத் தேடு. நிலை என்பது ஒவ்வொரு பஸ்ஸின் வோல்டேஜ் அளவும் கோணமும் (அதன் ஏசி அலை மற்ற பஸ்ஸைவிட எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்பது). ஒரு பஸ்ஸின் கோணத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வதால் 100 பஸ் உள்ள நெட்வொர்க்கில் 199 தெரியாத எண்கள். அளவீடுகள் இதைப்போல் இரண்டு மடங்காவது இருந்தால் நிம்மதி.

ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரு சிக்மா, அதாவது அதில் வழக்கமாக எதிர்பார்க்கும் பிழையின் அளவு, கொடுக்கிறோம். அளந்ததற்கும் கணித்ததற்கும் உள்ள வித்தியாசத்தைச் சிக்மாவால் வகுத்து, வர்க்கமாக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் வருவது மொத்தப் பிழை. அதை மிகக் குறைவாக்கும் நிலைதான் விடை. எல்லா பஸ்ஸும் 1.0 பெர் யூனிட் (அடிப்படை வோல்டேஜைப்போல் ஒரு மடங்கு), எல்லாக் கோணமும் பூஜ்யம் என்று தொடங்கினாலும், ஆரோக்கியமான நெட்வொர்க்கில் விடையைத் திருத்தித் திருத்தி நான்கைந்து சுற்றில் முடிந்துவிடும். இருபது சுற்று போயும் முடியவில்லை என்றால், சுற்று எண்ணிக்கையை ஏற்றிப் பயனில்லை. தரவில்தான் கோளாறு.

இப்போது மூன்று பஸ். 1ஆம் பஸ்ஸில் உற்பத்தி, 2லும் 3லும் லோடு. ரியாக்டன்ஸ் (ஏசி மின்சாரத்துக்கு லைன் காட்டும் தடை) 1–2 லைனுக்கு 0.1, 2–3 லைனுக்கு 0.1, 1–3 லைனுக்கு 0.2 பெர் யூனிட். இழப்பையும் மெகாவாரையும் மறந்துவிடுவோம். லைனின் மெகாவாட்டை ரியாக்டன்ஸால் பெருக்கினால் கோண வித்தியாசம் வரும், வளையத்தைச் சுற்றிவந்தால் அது பூஜ்யமாக வேண்டும் என்பதால் இந்த நெட்வொர்க்குக்கு ஒரே ஒரு சட்டம்தான்: 1–2இன் மெகாவாட்டும் 2–3இன் மெகாவாட்டும் சேர்ந்தால் 1–3ஐப்போல் இரண்டு மடங்கு. உண்மை நிலவரம் 1–2, 2–3, 1–3 என்ற வரிசையில் 60, 40, 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர்கள் 62, 40, 48 என்கின்றன. 62ம் 40ம் 102. 48இன் இரு மடங்கு 96. ஆறு மெகாவாட் உதைக்கிறது. எல்லா மீட்டருக்கும் சிக்மா 2 என்றால் எஸ்டிமேட்டர் 61, 39, 50 என்று தரும். மொத்தப் பிழை 1.5. ஒரே ஒரு உபரி அளவீடு (தெரியாத எண்களைவிட ஒன்று அதிகம்) இருக்கும்போது 95% கை-ஸ்கொயர் வரம்பு, அதாவது மீட்டர்கள் சரியாக இருந்தால் நூற்றில் 95 தடவை மொத்தப் பிழை தாண்டாத அளவு, 3.84. தேறிவிட்டது.

அடுத்து, 2–3 லைனின் மீட்டர் வயரைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள், 40க்குப் பதில் −40 வருகிறது. புதிய பே (சப்ஸ்டேஷனில் ஒரு லைனுக்கான இணைப்புப் பகுதி) சார்ஜ் செய்த, அதாவது மின்சாரம் ஏற்றிய, வாரத்தில் சகஜமாகப் பார்க்கக்கூடியது. எஸ்டிமேட்டர் தருவது 74.3, −27.7, 23.3. மொத்தப் பிழை 228. ஏதோ தப்பு என்பது கண்கூடு. எது தப்பு? அளந்ததற்கும் கணித்ததற்கும் இடைவெளி அதிகம் இருப்பது 1–3 லைனில்: 48க்கு எதிரே 23.3. கிட்டத்தட்ட 25 மெகாவாட். உண்மையில் தலைகீழான 2–3இல் இடைவெளி வெறும் 12. வெறும் இடைவெளியைப் பார்த்து மீட்டரைக் குற்றம் சொல்பவர் நல்ல மீட்டரைக் கழற்றச் சொல்லியிருப்பார். ஒவ்வொரு இடைவெளியையும் அந்த மீட்டரில் இயல்பாக எதிர்பார்க்கும் இடைவெளியால் வகுத்து நார்மலைஸ் செய்தாலோ, மூன்றும் 15.1 என்று ஒரே மாதிரி வந்து நிற்கும். உபரி ஒன்றுதான் இருக்கிறது என்றால் பிழை இருக்கிறது என்று சொல்ல முடியும், எங்கே என்று சொல்ல முடியாது.

இரண்டு லோடு மீட்டரைச் சேர்த்தால் கதை மாறுகிறது. 2ஆம் பஸ்ஸில் 21, 3ஆம் பஸ்ஸில் 89 என்று படிக்கட்டும். இப்போது நார்மலைஸ் செய்த இடைவெளிகள்:

1–2 லைன்: 0.9
1–3 லைன்: 3.8
2–3 லைன்: 34.8
2ஆம் பஸ் லோடு: 14.8
3ஆம் பஸ் லோடு: 21.0

குற்றவாளி உச்சியில் நிற்கிறான். ஆனால் வழக்கமான வரம்பான 3ஐ நான்கு பேர் தாண்டியிருக்கிறார்கள். 3ஐத் தாண்டியதை எல்லாம் ஒரே வீச்சில் நீக்கும்படி எழுதிய புரோகிராம், நான்கையும் தூக்கி எறிந்துவிட்டு 1–2 மீட்டர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு 'நெட்வொர்க் தெரியவில்லை' என்று நிற்கும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் நீக்க வேண்டும், நீக்கியபின் மறுபடி ஓட்ட வேண்டும். 2–3ஐ நீக்கி ஓட்டினால் அந்த லைனில் 39.0 மெகாவாட் என்று எஸ்டிமேட்டரே சொல்லிவிடுகிறது. மொத்தப் பிழை 1.4, வரம்பு 5.99. இதுவரை பாடப்புத்தகம் சொல்கிறபடிதான் நடக்கிறது.

இனிதான் விஷயம். 1–3 லைன் டிரிப் ஆகிவிட்டது, அதாவது தானாகத் துண்டித்துக்கொண்டது. அது பக்கத்து ஏரியாவின் வழியாகப் போகும் லைன். அதன் மெகாவாட் மீட்டரும் நமக்கு வராது, பிரேக்கர் நிலையும் நம் மாடலோடு இணைக்கப்படவில்லை. மாடலில் லைன் சார்ஜில் இருக்கிறது. களத்தில் மின்சாரம் முழுக்க 1–2 வழியாகப் போகிறது: 1–2இல் 111, 2–3இல் 90, லோடுகள் 21, 90. நான்கு மீட்டரும் துல்லியமாகப் படிக்கின்றன, துளிப் பிழை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். எஸ்டிமேட்டரை ஓட்டினால் 3ஆம் பஸ் லோடு மீட்டருக்கு நார்மலைஸ் செய்த இடைவெளி 28.2, 2–3 லைனுக்கு 21.2, 1–2க்கு 17.8, 2ஆம் பஸ் லோடுக்கு 8.7. விதிப்படி பெரியதை நீக்குகிறோம்: 3ஆம் பஸ்ஸின் லோடு மீட்டர் வெளியே. மறுபடி ஓட்டினால் மீதி மூன்றும் அச்சுப் பிசகாமல் பொருந்துகின்றன. மொத்தப் பிழை பூஜ்யம். திரையில் 1–3 லைனில் 100.5 மெகாவாட் ஓடுகிறது, 3ஆம் பஸ்ஸில் 190.5 மெகாவாட் லோடு இருக்கிறது. அந்த லைன் செத்துக் கிடக்கிறது, அந்த லோடு 90தான்.

இதன்மேல் கன்டிஞ்சென்சி அனாலிசிஸ் (ஏதாவது ஒரு லைன் போனால் என்ன ஆகும் என்று முன்கூட்டிப் பார்க்கும் கணக்கு) ஓடினால் 2–3 லைன் போனாலும் 1–3 தாங்கிக்கொள்ளும் என்று சொல்லும். உண்மையில் 2–3 போனால் 3ஆம் பஸ் இருண்டுவிடும். கை-ஸ்கொயர் சோதனைக்கு இதைப் பிடிக்கும் சக்தி கிடையாது. மாடல் சரி, மீட்டரில்தான் தப்பு இருக்க முடியும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட சோதனை அது. ஒரே பஸ்ஸைச் சுற்றியுள்ள இரண்டு மூன்று மீட்டர்கள் ஒரே நேரத்தில் சந்தேகத்துக்கு உள்ளாகின்றன என்றால், மீட்டர்களை விட்டுவிட்டு அந்தப் பஸ்ஸோடு சேரும் லைன்களின் பிரேக்கர் நிலையைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். மூன்று மீட்டர் ஒரே நிமிடத்தில் கெட்டுப்போவது அபூர்வம். ஒரு லைன் டிரிப் ஆவது தினசரி நடப்பது.

பெரிய அளவில் இது நடந்த நாள் 2003 ஆகஸ்ட் 14, வட அமெரிக்க பிளாக்-அவுட். ஓஹாயோ மின் நிறுவனமான ஃபர்ஸ்ட்எனர்ஜியின் அலாரம் செத்ததும் மரத்தில் உரசிய 345 கே.வி. லைன்களும் எல்லோரும் பேசுகிற பகுதி. அமெரிக்க–கனடியக் கூட்டு விசாரணை அறிக்கையில் எஸ்டிமேஷன்காரர்கள் படிக்க வேண்டிய பகுதி வேறு: பக்கத்திலிருந்து மேற்பார்வை செய்த மைசோ என்ற பிராந்திய கிரிட் அமைப்பின் ஸ்டேட் எஸ்டிமேட்டர். பகல் 12.15 வாக்கில் அதன் தீர்வில் பெரிய வித்தியாசம் வந்தது. காரணம், சினர்ஜி நிறுவனத்தின் புளூமிங்டன்–டெனாய்ஸ் கிரீக் 230 கே.வி. லைன் டிரிப் ஆகியிருந்தும் அதன் நிலை எஸ்டிமேட்டரோடு தானாக இணைக்கப்படாமல் இருந்தது. கையால் திருத்தி, 1 மணிக்கு நல்ல தீர்வு எடுத்தார்கள். ஆனால் கோளாறு பார்ப்பதற்காக, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவைக்கும் தானியங்கி டிரிக்கரை நிறுத்தியிருந்தார்கள். அதைத் திரும்பப் போட மறந்தாயிற்று. 2.40 வாக்கில்தான் கண்டுபிடித்தார்கள்.

போட்டதும் மறுபடி தீர்வு வரவில்லை. இடையில் 2.02க்கு ஓஹாயோவின் தெற்கில் ஸ்டூவர்ட்–அட்லாண்டா 345 கே.வி. லைன் டிரிப் ஆகியிருந்தது. அந்த லைன் டேட்டன் பவர் அண்ட் லைட்டுக்குச் சொந்தம், மேற்பார்வை பிஜேஎம் என்ற இன்னொரு கிரிட் அமைப்பின் வசம். மைசோவின் ஃப்ளோக்களை (லைன்களில் ஓடும் மின்சாரத்தை) அது பாதிக்கும், ஆனால் அதன் நிலை மைசோவின் எஸ்டிமேட்டருக்கு வராது. நம் 1–3 லைனேதான். 3.09க்கு இன்ஜினியர் இந்த லைன்மேல் சந்தேகப்பட்டபோது, ஆபரேட்டர் லைன் சார்ஜில் இருக்கிறது என்று தவறாகச் சொன்னார். இருபது நிமிடம் அப்படியே முயன்று பார்த்து, 3.29க்கு பிஜேஎம்முக்குப் போன் போட்ட பிறகே உண்மை தெரிந்தது. 3.41க்குக் கன்டிஞ்சென்சி அனாலிசிஸ் கையால் ஓடியது. எல்லாம் தானியங்கிக்குத் திரும்பியது 4.04க்கு, பெரும் சரிவு தொடங்க இரண்டே நிமிடம் இருக்கும்போது.

அந்த எஸ்டிமேட்டர் தீர்வு தராமல் நின்றதே ஒரு வகையில் நேர்மை என்பேன். அளவீடு இன்னும் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் அது சந்தோஷமாக ஒரு பொய்யைத் தந்திருக்கும்.

ஆக, பக்கத்து நெட்வொர்க்கை எவ்வளவு தூரம் மாடலில் சேர்ப்பது? டை-லைனோடு (இரண்டு கிரிட்டை இணைக்கும் லைன்) வெட்டிவிட்டு எல்லை பஸ்ஸில் ஒரு இன்ஜெக்ஷன் (அங்கே உள்ளே வரும் அல்லது வெளியே போகும் மின்சாரம்) வைத்தால் நம் பக்கத்து எஸ்டிமேஷன் நன்றாகவே ஓடும். ஆனால் நம் லைன் ஒன்று போனால் மின்சாரம் எப்படி அடுத்தவர் வழியாகச் சுற்றி வரும் என்பது அதில் தெரியாது. கன்டிஞ்சென்சி பொய்யாகிவிடும். வெளி நெட்வொர்க்கைச் சில லைன்களாகவும் இன்ஜெக்ஷன்களாகவும் சுருக்கும் வார்டு ஈக்விவலன்ட் வைத்தால் மெகாவாட் ஓரளவு சரியாக வரும், மெகாவார் சொதப்பும். எல்லைக்கு அருகில் ஜெனரேட்டர் இருந்தால் மெகாவாருக்கும் ஏற்றபடி விரித்த எக்ஸ்டெண்டட் வார்டு தேவை. இரண்டுக்கும் ஒரு பொதுக் குறை உண்டு: எந்த நாளின் பிரேக்கர் நிலையை வைத்துக் கணக்கிட்டோமோ அந்த நாளுக்குத்தான் அவை செல்லும்.

நடைமுறையில் சரிப்பட்டு வருவது, எல்லைக்கு அப்பால் ஒரு பட்டைக்கு லைன், பஸ், பிரேக்கர் எல்லாவற்றையும் முழுதாக மாடல் செய்து, அதற்கு அப்பால் ஈக்விவலன்ட் வைப்பது. பட்டையின் அகலத்தைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள். வெளி லைன்களை ஒவ்வொன்றாக அவுட் செய்து லோடு ஃப்ளோ ஓட்டிப் பாருங்கள். எந்த லைன் போனால் நம் டை-லைன் ஃப்ளோ மீட்டர் பிழையைவிட அதிகமாக நகர்கிறதோ, அந்த லைனின் நிலை ஐசிசிபி (கன்ட்ரோல் சென்டர்கள் தரவைப் பரிமாறும் நெறிமுறை) வழியாக உயிரோடு வந்தாக வேண்டும். வராவிட்டால் அந்த லைனை மாடலில் வைப்பதே ஆபத்து. கையால் போட்ட நிலைகளுக்கு ஒரு தனித் திரை வையுங்கள்: யார், எப்போது போட்டார், எத்தனை மணி நேரமாக மாறாமல் இருக்கிறது. வெளிப் பட்டையில் அளவீடு இல்லாத லோடுகளுக்கு சூடோ-மெஷர்மென்ட் (அளவீட்டுக்குப் பதில் ஓர் உத்தேச மதிப்பு) போடும்போது சிக்மாவை 10–20% என்று தாராளமாக வையுங்கள். அங்கே இறுக்கிப் பிடித்தால் அங்குள்ள தப்பு எல்லை தாண்டி நம் நல்ல மீட்டர்களை வளைக்கும்.

எல்லையில் அடிக்கடி உதைக்கும் விஷயம் ஒன்று நம்மூரிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 230 கே.வி., கேரளத்திலும் கர்நாடகத்திலும் 220 கே.வி. உடுமலைப்பேட்டைக்கும் இடுக்கிக்கும் நடுவிலுள்ள லைனின் ஒரு முனை 230 என்றும் மறுமுனை 220 என்றும் இரண்டு டேட்டாபேஸில் இருக்கும். மாடல்களை இணைக்கும்போது அடிப்படை வோல்டேஜை ஒன்றாக்காவிட்டால் எல்லை பஸ்ஸின் பெர் யூனிட் வோல்டேஜில் 4.5% இடறும், லைன் இம்பிடன்ஸில் 9.3% இடறும். வோல்டேஜ் மீட்டருக்கு 0.5% சிக்மா கொடுத்திருந்தால் இது ஒன்பது சிக்மா. தினமும் அந்த மீட்டர் 'கெட்டது' என்று நீக்கப்படும், மீட்டர் பாவம் சரியாகத்தான் படித்துக்கொண்டிருக்கும்.

டை-லைனின் இரு முனை மீட்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் 200, மறுமுனையில் −197 என்றால் மூன்று மெகாவாட் இழப்பு, சரி. 200, 197 என்று ஒரே குறியில் வந்தால் ஒருவர் ஏற்றுமதியை நேர்க்குறி என்கிறார், மற்றவர் இறக்குமதியை. இதை எஸ்டிமேட்டர் உள்ளே விட்டுப் பிடிப்பதைவிட வாசலிலேயே பிடிப்பது சுலபம். ஐசிசிபியில் பெயர் பொருத்தமும் இப்படித்தான்: அடுத்த சென்டர் ஒரு பாயின்டின் பெயரை மாற்றினால் நம் பக்கம் கடைசியாக வந்த மதிப்பு அப்படியே உறைந்து நிற்கும். பத்து நிமிடமாகத் தசமம்கூட மாறாத மெகாவாட் உயிருள்ள லைனில் இருக்க முடியாது. அதைச் சோதிக்கப் பெரிய கணக்கெல்லாம் வேண்டாம்.

தெற்கு மண்டலத்துக்கு இந்த வெளி நெட்வொர்க் தலைவலி 2013 டிசம்பர் 31இல் வேறு பரிமாணம் எடுத்தது. அதுவரை நாட்டின் மற்ற மண்டலங்களோடு தொடர்பு தால்ச்சர்–கோலார், பத்ராவதி, காஜுவாகா போன்ற எச்விடிசி (உயர் வோல்டேஜ் நேர்மின்) இணைப்புகள் வழியாகத்தான். எச்விடிசிக்கு அப்பால் கோணம் என்ன என்று கவலைப்பட வேண்டாம், கன்வர்ட்டர் பஸ்ஸில் ஓர் இன்ஜெக்ஷன் போதும். ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. லைன் சார்ஜ் ஆனதும் முழு நாடும் ஒரே சிங்க்ரனஸ் கிரிட், அதாவது ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்து ஓடும் கிரிட். மகாராஷ்டிரத்தில் ஒரு லைன் போனால் இங்கே ஃப்ளோ நகரும். அதற்குப் பிறகு வந்த ராய்கர்–புகளூர் ±800 கே.வி. போன்றவற்றை இன்றும் இன்ஜெக்ஷனாக வைக்கலாம். மீட்டர் மதிப்பு வராதபோது டிஸ்பாட்ச் ஆர்டரை சூடோ-மெஷர்மென்டாகப் போடலாம், ஆனால் குறியை ஒருமுறை சரிபார்த்துவிட்டு. 6000 மெகாவாட் திறனுள்ள இணைப்பில் குறி தப்பினால் வேறெந்தச் சோதனையும் தேவைப்படாது.

இரண்டு ஏரியாவின் தனித்தனித் தீர்வை ஒன்றாக ஒட்டும்போது கோணங்களையும் ஒட்ட வேண்டும். ஒவ்வொருவரும் தம் ரெஃபரன்ஸ் பஸ்ஸைப் பூஜ்யம் என்கிறார்கள். பொதுவான எல்லை பஸ் ஒன்று நம் தீர்வில் −12.4 டிகிரி, அவர்கள் தீர்வில் 3.1 டிகிரி என்றால், நகர்த்த வேண்டியது 15.5 டிகிரி. இன்னொரு எல்லை பஸ் 17 டிகிரி என்றால் ஒட்டாதீர்கள். நடுவில் ஏதோ ஒரு லைனின் நிலையோ இம்பிடன்ஸோ தப்பு. பிஎம்யு (ஜிபிஎஸ் நேரத்தோடு கோணத்தை அளக்கும் கருவி) இருந்தால் கோணம் நேராகவே கிடைக்கும், ஜிபிஎஸ் நேரம் சரியாக இருக்கும்வரை. 50 ஹெர்ட்ஸில் ஒரு மைக்ரோசெகண்ட் பிழை 0.018 டிகிரி, கண்டுகொள்ள வேண்டாம். ஜிபிஎஸ் ஆண்டெனா பழுதாகி ஒரு மில்லிசெகண்ட் விலகினால் 18 டிகிரி. அந்த மீட்டருக்குத் தாராளமாக எடை கொடுத்திருந்தால் தீர்வையே இழுத்துக்கொண்டு போகும்.

உள்ளே இருக்கும் கோளாறுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பஸ் கப்ளரை (ஒரே சப்ஸ்டேஷனின் இரண்டு பஸ்ஸை இணைக்கும் பிரேக்கர்) 0.0001 ரியாக்டன்ஸ் உள்ள லைனாக மாடல் செய்தால் எஸ்டிமேட்டர் தீர்க்கும் கெயின் மேட்ரிக்ஸ் கெட்டுப்போய்ச் சுற்று முடியாது, பிரேக்கர் நிலைகளிலிருந்து நெட்வொர்க்கைக் கட்டும் டோபாலஜி பிராசசர் அதை ஒரே பஸ்ஸாகச் சேர்க்கட்டும். லோடோ ஜெனரேட்டரோ இல்லாத பஸ்ஸுக்கு இன்ஜெக்ஷன் பூஜ்யம் என்பதைப் பெரிய எடை கொடுத்துத் திணிப்பதும் அதே வியாதி, சமன்பாட்டுக் கட்டுப்பாடாகத் தனியே வைக்க வேண்டும். மெகாவார் மட்டும் ஒரு டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி உதைத்தால் டேப் (டிரான்ஸ்ஃபார்மரின் வோல்டேஜ் விகிதத்தை மாற்றும் படி) நிலையைப் பாருங்கள். டேப் இண்டிகேட்டர் பல இடங்களில் நின்றுபோயிருக்கும், ஒரு படிக்கு 1.25% என்றால் நான்கு படி தப்பினாலே 5% வோல்டேஜ். ட்வின் மூஸ் (ஒரு வகைத் தடித்த கம்பி, ஃபேஸுக்கு இரண்டு) கண்டக்டர் போட்ட 400 கே.வி. லைன் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 55 மெகாவார் தானே உற்பத்தி செய்கிறது. அந்த மெகாவாரை உறிஞ்சும் லைன் ரியாக்டர் சர்வீஸில் இருக்கிறதா என்பது தெரியாமல் நீண்ட லைனின் மெகாவாரைப் பொருத்த முடியாது.

தீர்வு வராத ஷிஃப்டில் எந்த வரிசையில் பார்ப்பது என்று கேட்பார்கள். முதலில் கடைசி நல்ல தீர்வுக்குப் பிறகு மாறிய பிரேக்கர் நிலைகள், நம்முடையதும் பக்கத்தவருடையதும், ஃபோன் போட்டே. பிறகு 00 அல்லது 11 என்று (திறந்தது, மூடியது என்ற இரண்டு சிக்னலும் இல்லாமல் அல்லது இரண்டும் சேர்ந்து) நிச்சயமில்லாமல் வரும் ஐசோலேட்டர்கள். பிறகு திறந்ததாகச் சொல்லும் லைனில் ஃப்ளோ இருக்கிறதா, மூடியதாகச் சொல்லும் லைனில் இரு முனையும் பூஜ்யமா. பிறகுதான் மீட்டர்கள். லைன் இம்பிடன்ஸில் கைவைப்பது கடைசி. பீக் லோடிலும் நள்ளிரவிலும் எடுத்த பல ஸ்னாப்ஷாட்டுகளில் ஒரே லைனின் இடைவெளி ஃப்ளோவோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்றால் மட்டும் இம்பிடன்ஸைச் சந்தேகப்படலாம். ஃப்ளோ எப்படி இருந்தாலும் இடைவெளி மாறாமல் நிற்கிறது என்றால் அது மீட்டரின் ஆஃப்செட். ஒரே ஸ்னாப்ஷாட்டைப் பார்த்து இம்பிடன்ஸை மாற்றினால் அந்த ஆஃப்செட் மாடலுக்குள் புதைந்துவிடும். பிறகு மீட்டரை மாற்றும் நாளில்தான் அது வெளியே வரும்.